முஷ்டிக்கு எடுத்த அளவு

ஸ்கிரீன் வழுக்கிக்கொண்டு பெட்டிக்குள் போய் விழுந்தது. நல்லவேளை, அடியில் ப்ளவுஸ் வெட்டிய துண்டுத்துணி ஒரு மூட்டை கிடந்தது. இல்லாவிட்டால் அன்றைக்கே எல்லாம் முடிந்திருக்கும். புனிதா முழங்காலிட்டுப் பெட்டிக்குள் கையை விட்டு அதை எடுத்தாள், தூசி தட்டினாள், மறுபடி வைத்துப் பார்த்தாள். மறுபடியும் விழுந்தது.

"ஐயையோ, என்னா லா இது!" என்று கடையின் பின்னறையில் தனியாக உட்கார்ந்து கத்தினாள்.

அளவு நாடாவை எடுத்து வைத்துப் பார்த்தாள். ஸ்கிரீனைவிடப் பெட்டி சரியாக ஓர் அங்குலம் அகலம். இடப்பக்கம் அரை, வலப்பக்கம் அரை. அதைப் பார்த்த பிறகுதான் உறைத்தது. இருபத்திரண்டு வருஷமாகக் கிள்ளானில் தையல் கடை வைத்திருப்பவள். இடுப்பு, தோள், கை, எதை அளந்தாலும் தையலுக்கு என்று இரண்டு பக்கமும் அரை அங்குலம் சேர்த்துத்தான் அவள் எழுதுவாள். யோசித்து எழுதுவதில்லை, கை தானாக எழுதிவிடும். பெட்டிக்கும் அப்படியே பழுப்புக் காகிதத்தில் பேட்டர்ன் வரைந்து, வெட்டி, மரக்கடைக்கு எடுத்துப் போயிருக்கிறாள். மரக்கடைச் சீனக் கிழவர் காகிதத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்து, "பெத்துல் ஆ?" என்று மலாயில் சரிதானா என இரண்டு முறை கேட்டார். "பெத்துல் அங்கிள், பெத்துல், எல்லாம் சரியாத்தான் இருக்கு" என்று இவளும் பெரிய இஞ்சினியர் மாதிரி தலையாட்டிவிட்டு வந்தாள். துணியை மடித்துத் தைக்கலாம். அரை அங்குல பிளைவுட்டை எந்த மகராசி மடிக்கப் போகிறாள்?

சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஒரு வாரம் வீணாகிவிட்டதே என்று விரல் விட்டு நாளை எண்ணினாள். ஏனென்றால் அவளிடம் நாள் அதிகம் இல்லை.

விஷயம் இதுதான். அவள் புருஷன் விமலன் போர்ட் கிள்ளானில் கண்டெய்னர் லோரி ஓட்டியவன், பதினேழு வருஷ சர்வீஸ். போன நவம்பரில் காற்று ஒன்று வேகமாக அடித்து, திறந்து கிடந்த கண்டெய்னர் கதவு அவன் வலது கையின் மேல் சாத்திக்கொண்டது. விரல் ஒன்றும் போகவில்லை. ஆபரேஷன் செய்து நரம்பையெல்லாம் ஒட்டவைத்தார்கள். ஆனால் நான்கு விரலும் உள்ளே மடங்கி முஷ்டியாகவே நின்றுவிட்டது. ஆஸ்பத்திரியில் கைக்குப் பயிற்சி கொடுக்கிற பெண், அபிராமி என்று பெயர், சின்ன வயசுதான், ஆனால் பேச்சில் வளைவு நெளிவு கிடையாது. "அண்ணே, விரல் உயிரோடதான் இருக்கு. தினமும் நீட்டணும். வலிக்கும், அழுகை வரும், ஆனாலும் நீட்டணும். ஆறேழு மாசத்துக்குள்ள நீட்டலைன்னா உள்ளுக்குள்ள இறுகிடும். அப்புறம் யாராலயும் திறக்க முடியாது" என்று முதல் நாளே சொல்லிவிட்டாள்.

ஜனவரி வரை விமலன் போனான். பல்லைக் கடித்துக்கொண்டு போனான். பிறகு பந்திங்கில் ஒரு கல்யாணம் வந்தது. புனிதாவின் பெரியப்பா வீட்டுக் கல்யாணம், போகாமல் இருக்க முடியாது. வாழையிலை போட்டுச் சோறு வைத்தார்கள். விமலன் இடது கையில் கரண்டியைப் பிடித்து, சாம்பார் சட்டையில் வழிய வழிய, எப்படியோ சாப்பிட்டான். எதிர் வரிசையில் ஒரு பெரிய மனிதர், யாரோ என்னவோ, "என்னா தம்பி, இலையில ஒக்காந்து பீச்சாங்கையால சாப்புடுறீங்க?" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி கேட்டுத் தொலைத்தார். விமலன் வலது கையைத் தூக்கி மேசை மேல் வைத்தான். அந்த மனிதர் அதைப் பார்த்துவிட்டு, ஐயோ பாவம் என்று உச்சுக் கொட்டினார். திட்டியிருந்தாலும் பரவாயில்லை. அந்த உச்சுதான் அவனை அடித்துப் போட்டது.

அன்றிலிருந்து ஆஸ்பத்திரியும் இல்லை, கோயிலும் இல்லை, வாசலும் இல்லை. கையை ஒரு துண்டில் சுற்றிக்கொண்டு ஹாலில் உட்கார்ந்து, இடது கையில் போனைப் பிடித்து, யார் யாரோ பழைய வீடியோ கேம் விளையாடுகிற காணொளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். காலையில் ஆரம்பித்தால் சாயங்காலம் வரை. தானும் விளையாட மாட்டான், அடுத்தவன் விளையாடுவதையே பார்ப்பான். இடையிடையே "எகிறுடா முட்டாள்!" என்று போனைப் பார்த்துத் திட்டுவான். புனிதாவிடம் ஒரு நாளைக்கு அவன் பேசுகிற வார்த்தைகளைவிட அந்தப் போனோடு பேசுவது அதிகம்.

அப்படி ஒரு நாள் அவன் தோளுக்குப் பின்னால் நின்று சட்டை மடித்துக்கொண்டிருந்தபோதுதான் அவள் அதைப் பார்த்தாள். யாரோ ஒருவன் பிளைவுட்டில் ஒரு பெட்டி செய்கிறான். முன்னால் சாய்வாக ஒரு ஸ்கிரீன், கீழே ஒரு ஜாய்ஸ்டிக், அதற்கு வலப்பக்கம் பட்டன்கள். மேசை மேல் தூக்கி வைத்தால் கேம் கடையில் இருக்கிற மெஷின் மாதிரியே இருக்கிறது, என்ன, கால் இல்லை, அவ்வளவுதான்.

விமலன் முதல் முறையாக இமைக்காமல் பார்த்தான். அவன் மடியில், துண்டுக்குள், அந்த முஷ்டி லேசாக அசைந்தது.

அது ஒன்று போதாதா அவளுக்கு? மறுநாள் கடையில் உட்கார்ந்து அதே காணொளியைப் பதினோரு தடவை பார்த்தாள். பலகை ஏழு துண்டு. பஞ்சாபி சூட்டுக்கே இதைவிட அதிகம் வெட்டுகிறோம், இது என்ன கம்பசூத்திரமா என்று நினைத்தாள். பட்டனை வலது கையால்தானே அமுக்க வேண்டும்? ஆசையில் அமுக்குவான், விரல் அசையும், அசைய அசையத் திறக்கும். அபிராமி சொல்லி நடக்காதது ஆசையில் நடக்கும். இதுதான் அவள் கணக்கு.

ஆணி அடிக்கவே தெரியாதவள். மின்சாரம் என்றால் தையல் மெஷினுக்கு சுவிட்ச் போடுவதோடு சரி. கொமுட்டர் ரயில் ஏறி பிரிக்ஃபீல்ட்ஸ் போய், போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிற லோகேஷைப் பார்த்தாள். அவன் பெண்டாட்டி இவளிடம் ப்ளவுஸ் தைக்கக் கொடுப்பவள், அந்த உரிமை.

"அக்கா, நீங்களா செய்யப் போறீங்க? ரெடிமேடா வாங்கிடலாமே லா," என்றான் லோகேஷ்.

"ரெடிமேட் எல்லாருக்கும் ஒரே சைஸ்ல வரும். எனக்கு அவரு கைக்குப் பொருந்தணும்."

"சரி, நீங்க தையல்காரவங்க, உங்ககிட்ட அதைப் போய்ச் சொல்றேன் பாருங்க." அவன் உள்ளங்கை அளவு கம்ப்யூட்டர் போர்டு ஒன்றைக் காட்டி, கேம்கள் இதற்குள் இருக்கும், ஜாய்ஸ்டிக் வயர் இங்கே, பட்டன் வயர் இங்கே என்று ஒரு அட்டையில் வரைந்து கொடுத்தான். பழைய ஸ்கிரீன் ஒன்றையும் தேடிப் பிடித்தான். "பட்டன் எந்த சைஸ் வேணும்னு சொல்லுங்க, ஆர்டர் போடுறேன். சாதாரணமா ஒரு இஞ்சி. கை முடியாதவங்களுக்குன்னு நாலு இஞ்சில பெரிசாவும் வருது, கவுத்துன கிண்ணம் மாதிரி."

அளந்து சொல்கிறேன் என்று வந்துவிட்டாள்.

அரை அங்குலக் கூத்துக்குப் பிறகு மரக்கடைக்கு மறுபடியும் போனாள். கிழவர் ஒரு சிரிப்பு சிரித்தார், அதுவே போதும். இந்த முறை பலகைகள் சரியாக வந்தன. ஜிக்ஸா என்கிற அறுக்கும் மெஷினை வாடகைக்கு எடுத்து, ஓரம் அறுக்கப் போய், கோடு ஒரு பக்கமும் பிளேடு ஒரு பக்கமும் போனது. இரண்டு விரலில் மரச்சிலாம்பு ஏறியது. ஸ்க்ரூ போட்ட இடத்தில் பலகை பிளந்தது, முதலில் சின்னதாக ஓட்டை போட்டுக்கொண்டு பிறகுதான் ஸ்க்ரூ முடுக்க வேண்டும் என்று அப்போதுதான் தெரிந்தது. தைக்கக் கொடுத்தவர்கள் துணி கேட்டு வந்தால், "நாளைக்கு வாங்க அக்கா, நாளைக்குக் கண்டிப்பா" என்று வாய் கூசாமல் பொய் சொன்னாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். விமலன் சாப்பிட்டுவிட்டு சோஃபாவிலேயே தூங்கிப்போயிருந்தான். துண்டு நழுவி, வலது கை வயிற்றின் மேல் கிடந்தது. புனிதா சத்தம் போடாமல் பக்கத்தில் உட்கார்ந்து அளவு நாடாவை எடுத்தாள். முஷ்டியின் குறுக்களவு, சுற்றளவு, மணிக்கட்டிலிருந்து மடங்கிய விரல் முட்டி வரை. ஒவ்வொன்றையும் உள்ளங்கையில் பேனாவால் எழுதினாள். அரை அங்குலம் சேர்க்காமல் எழுதினாள், அந்த மட்டும் புத்தி வந்திருந்தது.

நிமிர்ந்தபோது அவன் கண்ணைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னா பண்ற?"

"ஒண்ணுமில்லீங்க, சும்மா..."

"சும்மா அளவெடுக்குறியா? எதுக்கு? பெட்டிக்கா?"

அவள் திடுக்கிட்டுப் போனாள். "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாம என்னா? மனுசன் செத்தா அளவெடுக்கத்தானே செய்வாங்க. கை செத்துப் போச்சு, அதுக்கு ஒரு சின்னப் பெட்டி செய். மாலை போட்டுத் தூக்கிட்டுப் போ!" என்று கத்தினான். நாடாவைப் பிடுங்கி எறிந்தான். நாடா காற்றாடியில் பட்டுக் கீழே விழுந்தது.

புனிதாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அதைவிடக் கோபம் முந்திக்கொண்டு வந்தது. "வாயில நல்ல வார்த்தையே வராதா உங்களுக்கு? கேம் பெட்டி செய்றேன்! உங்களுக்குத்தான்! ஒரு மாசமா மரத்தை அறுத்து, விரலைக் கிழிச்சுக்கிட்டு... பாருங்க!" என்று கையை அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

அவன் பார்த்தான். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். இரண்டு நாள் அப்படியே போனது. மூன்றாம் நாள் காலையில் அவள் கடைக்குக் கிளம்பும்போது, போனிலிருந்து கண்ணை எடுக்காமலே, "பலகை எத்தனை எம்எம்?" என்று கேட்டான்.

"பன்னண்டு."

"பதினஞ்சு போட்டிருக்கணும். அடிக்கிற அடியில ஆடும்."

இப்படித்தான் அவன் உள்ளே வந்தான். மறுநாள் அவளோடு காரில் ஏறிக் கடைக்கே வந்துவிட்டான், ஒன்றரை மாதத்துக்குப் பிறகு வாசலைத் தாண்டி. பின்னறையில் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு, அது கோணல், இது ஆட்டம் என்று ஓயாமல் குறை சொன்னான். அவளுக்கு அது நாதஸ்வரம் மாதிரி இருந்தது. பெரிய பட்டன் வந்தது, சிவப்பில் ஒன்று, மஞ்சளில் ஒன்று. அவன் முஷ்டிக்கு அளந்து செய்த மாதிரி, இல்லை, அளந்தே வரவழைத்தது. முஷ்டியை அப்படியே இறக்கினால் போதும், பட்டன் அமுங்கும். விரலைச் சிரமப்படுத்தவே வேண்டாம்.

மார்ச் முதல் வாரத்தில் பெட்டி வீட்டுக்கு வந்தது. சாமி படத்துக்கு முன்னால் வைத்து, மஞ்சள் குங்குமம் இட்டு, சூடம் காட்டி, "ம், ஆரம்பிங்க" என்றாள். திரையில் ஒரு குட்டி மனிதன் ஓடினான். விமலன் இடது கையால் ஜாய்ஸ்டிக்கைத் தள்ளி, வலது முஷ்டியால் சிவப்பு பட்டனை ஓங்கி ஒரு குத்து குத்தினான். குட்டி மனிதன் எகிறிப் பள்ளத்தைத் தாண்டினான்.

"பார்த்தியா! பார்த்தியா புனி!" என்று விமலன் சிரித்தான். நவம்பருக்குப் பிறகு அவள் கேட்ட முதல் சிரிப்பு. அவள் சமையலறைக்குள் போய், குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு ஒரு மூச்சு அழுதாள்.

பிறகு வீடு வீடாக இருந்தது. காலையில் எழுந்ததும் முகம் கழுவுகிறானோ இல்லையோ பெட்டி முன்னால் உட்கார்ந்துவிடுவான். தெருவில் ஆட்கள் வந்து பார்த்தார்கள், "அண்ணே, ஒரு ஆட்டம்" என்று கேட்டார்கள். துண்டு எங்கே போனது என்றே தெரியவில்லை. எல்லோர் முன்னாலும் கையை ஓங்கி ஓங்கிக் குத்தினான். இந்தக் கை ஒன்றுக்கும் ஆகாது என்று எவன் சொன்னான் என்கிற மாதிரி குத்தினான்.

இங்கேதான் புனிதா ஒரு காரியம் செய்தாள். மார்ச் கடைசியில் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது, பயிற்சிக்கு ஏன் வரவில்லை என்று. விமலனிடம் கேட்டாள். "அங்க போனா அந்தப் பொண்ணு விரலைப் பிடிச்சு முறிப்பா. இங்க பாரு, கை நல்லா வேலை செய்யுது தானே?" என்றான். முகம் ஒரு நொடியில் பழைய முகமாகிவிட்டது. அவளால் அதைப் பார்க்க முடியவில்லை. வெளியே வந்து, "அவருக்குக் காய்ச்சல் மிஸ், அடுத்த மாசம் வரோம்" என்று போனில் சொன்னாள். அடுத்த மாதம் வேறு ஒரு பொய் சொன்னாள். விரல் நீளவில்லை என்பது அவளுக்குத் தெரியாமலா இருந்தது? தினமும் அந்தக் கைக்குச் சோப்புப் போட்டுக் கழுவிவிடுகிறவள். மடிப்புக்குள் விரலை விட்டுக் கழுவும்போது இடுக்கு முன்பைவிட இறுக்கமாக இருப்பதை அவள் விரல் அறியும். அறிந்தும் வாயை மூடிக்கொண்டாள்.

மே மாதம் நடுவில் பெரிய டாக்டர் பார்க்கிற நாள், தட்டிக்கழிக்க முடியாது. போனார்கள். டாக்டருக்கு முன்னால் அபிராமி விரல் ஒவ்வொன்றையும் பாகைமானி மாதிரி ஒரு கருவியை வைத்து அளந்தாள். அளந்ததையே மறுபடி அளந்தாள். ஜனவரி மாதத் தாளை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

"வீட்ல கையை ஒண்ணுமே அசைக்கலையா அண்ணே?"

"அசைக்கலையா? நாள் முழுக்க அசைக்கிறேன். புனி, காட்டு."

புனிதா பெருமையாகத்தான் போனை எடுத்தாள். பொய் சொல்வானேன், அந்த நேரத்திலும் அவளுக்குப் பெருமைதான். பலகை அறுத்ததிலிருந்து விமலன் விளையாடுவது வரை எடுத்த காணொளியைக் காட்டினாள். அபிராமி கவனமாகப் பார்த்தாள். பார்த்து முடித்துப் போனைத் திருப்பிக் கொடுக்கும்போது அவள் முகத்தில் கோபம் இல்லை, அதுதான் புனிதாவைப் பயமுறுத்தியது.

"ரொம்ப அழகா செஞ்சிருக்கீங்க அக்கா. ஆனா இதுல ஒரு விரல்கூடத் திறக்க வேண்டியதே இல்லையே."

புனிதா போனை மடியில் கவிழ்த்து வைத்தாள்.

"முஷ்டியால குத்தக் குத்த இன்னும் இறுகத்தான் செய்யும். இப்ப ஜனவரிய விட மோசமா இருக்கு. நல்லா முயற்சி பண்ணா இன்னும் ஆறு வாரம் இருக்குன்னு சொல்லலாம். பாதி திறந்தாகூட ஸ்டியரிங் பிடிக்கலாம், சோறு பிசையலாம். அதுக்கு மேல போச்சுன்னா நான் ஒண்ணும் செய்ய முடியாது அக்கா."

விமலன் எழுந்து வெளியே போய்விட்டான். வீடு வரும் வரை மைவி காரைப் புனிதாதான் ஓட்டினாள். புனிதாவுக்குள் ஒரே ஒரு எண்ணம் குத்திக்கொண்டே வந்தது. கூன் விழுந்த முதுகானால் கூனுக்கு ஏற்ற மாதிரி வெட்டுவாள், ஒரு தோள் இறங்கியிருந்தால் அந்தத் தோளுக்கு இறக்கித் தைப்பாள். போட்டவருக்கு எங்கேயும் இறுக்கிப் பிடிக்கக் கூடாது, அதுதான் அவள் தொழில். அதே மாதிரிதான் இந்தக் கைக்கும் அளந்திருக்கிறாள். மூடிய கைக்கு மூடிய அளவு. அந்தக் கைக்கு எது பிடிக்கும் இடமோ, எது வலிக்கும் இடமோ, அதுதான் வேண்டியிருந்தது. அதை இவள் பார்த்துப் பார்த்து எடுத்துவிட்டிருக்கிறாள்.

இரண்டு நாள் கழித்து ஒரு காலை, அவன் குளிக்கப் போன நேரத்தில், ஸ்க்ரூ டிரைவரை எடுத்து உட்கார்ந்தாள். சிவப்பு பட்டனைக் கழற்றினாள், மஞ்சளைக் கழற்றினாள். கடையிலிருந்து தயாராக வெட்டி எடுத்து வந்த பலகையை அந்த இடத்தில் வைத்து முடுக்கினாள். அதில் ஒரே ஓர் ஓட்டை, விரல் அகலம். முந்தின நாள் லோகேஷிடம் போய் வாங்கியிருந்த சின்ன பட்டன் அந்த ஓட்டைக்குள் ஒரு அங்குல ஆழத்தில் இருந்தது. முஷ்டியை வைத்துத் தலைகீழாக நின்றாலும் அதைத் தொட முடியாது.

விமலன் துவட்டாத தலையோடு வந்து நின்றான்.

"என்னா பண்ற நீ?"

"மாத்துறேன்."

"எதை மாத்துற? எடு அதை. பழைய பட்டனைப் போடு."

"மாட்டேன்."

"புனி."

"மாட்டேங்க. நீங்க அடிச்சாலும் மாட்டேன்." ஸ்க்ரூவை முடுக்கிக்கொண்டே பேசினாள். "நான்தான் தப்பு பண்ணேன். நீங்க சிரிச்சீங்க, அந்தச் சிரிப்பு போயிருமோன்னு பயந்து கையைக் கோட்டை விட்டுட்டேன். ஆஸ்பத்திரிக்குப் பொய் சொன்னது நானு. விரல் இறுகுறது தெரிஞ்சும் கம்முனு இருந்தது நானு. உங்களுக்குக் காய்ச்சல்னு சொன்னேன், கார் ரிப்பேர்னு சொன்னேன். எல்லாம் நாந்தான்."

"அப்ப இந்தக் கை உனக்குப் பத்தலை."

"பத்தலை," என்றாள் புனிதா. சொன்னதும் அவளுக்கே தூக்கிவாரிப்போட்டது. ஆனாலும் திருப்பி எடுக்கவில்லை. "பத்தலைங்க. எனக்கு அந்தக் கை திறக்கணும்."

அவன் அவளைப் பார்த்த பார்வை இருக்கிறதே, கல்யாணத்தில் உச்சுக் கொட்டிய அந்த மனிதரைக்கூட அவன் அப்படிப் பார்க்கவில்லை. "கல்யாண வீட்டுல அவனுங்க சொன்னதைத்தான் நீயும் சொல்ற. அவனுங்களுக்காச்சும் நான் யாருன்னு தெரியாது," என்றான். உள்ளே போய்த் துண்டைத் தேடி எடுத்துக் கையைச் சுற்றிக்கொண்டான். வந்து சோஃபாவில் உட்கார்ந்து போனைத் திறந்தான்.

ஒரு நாள், இரண்டு நாள், ஒரு வாரம். பெட்டியின் மேல் தூசி படிந்தது. புனிதா அதைத் துடைக்கவும் பயந்தாள். சோறு போட்டு வைத்தால் சாப்பிட்டான், கூப்பிட்டால் காதில் விழாத மாதிரி இருந்தான். ஆஸ்பத்திரிக்கு வர மாட்டேன் என்பதைக்கூடத் தலையசைத்துத்தான் சொன்னான். ஒவ்வொரு நாளும் விடியும்போது ஆறு வாரத்தில் ஒரு நாள் போய்விட்டது என்று காலண்டரில் கோடு போடுவாள். பழைய பட்டன்கள் இரண்டும் அவள் கைப்பையில்தான் கிடந்தன. சிக்னலில் காரை நிறுத்தும்போது, கடையில், தையல் மெஷின் முன்னால், எத்தனையோ தடவை கையை விட்டு அவற்றைத் தொட்டுப் பார்த்தாள். பத்து நிமிஷ வேலை, திருப்பிப் போட்டுவிடலாம். மனுஷனாவது திரும்பக் கிடைப்பான். ஒன்பதாம் நாள் காலையில் கடை திறந்ததும், போதும் சாமி, என்னால் முடியாது என்று முடிவே செய்துவிட்டாள். மத்தியானச் சாப்பாட்டுக்கு வாழையிலைச் சோறு தாப்பாவ் கட்டி வாங்கிக்கொண்டு, பட்டனைத் திருப்பிப் போட்டுவிடுவது என்றே வீட்டுக்கு வந்தாள்.

கேட்டைத் திறக்கக் கை வைத்தபோது உள்ளேயிருந்து கேம் சத்தம் கேட்டது. குட்டி மனிதன் ஓடுகிற இசை. எகிறுகிற சத்தம் வரவில்லை. பள்ளத்தில் விழுகிற சத்தம் வந்தது. மறுபடி இசை, மறுபடி விழுந்தது.

அவள் செருப்பைக் கழற்றிவிட்டு, சுவரை ஒட்டி நடந்து ஜன்னல் கண்ணாடி இடுக்கு வழியாகப் பார்த்தாள். விமலன் இடது கையை ஜாய்ஸ்டிக்கில் வைத்திருந்தான். துண்டு தரையில் கிடந்தது. வலது கையின் ஆள்காட்டி விரல், முழுதாக நீளவில்லை, பாதிகூட நீளவில்லை, வெளுத்துப் போய் நடுங்கிக்கொண்டு அந்த ஓட்டையின் விளிம்பைத் தடவியது. நுழையவில்லை. பனியன் முதுகோடு ஒட்டி நனைந்திருந்தது.

"பாவி," என்றான் விமலன், பல் இடுக்கில். "படுபாவி. கட்டுன புருஷன்னு ஒரு இரக்கம் இருக்கா அவளுக்கு? கல்லு. நெஞ்சு பூரா கல்லு." விரலை ஓட்டையின் ஓரத்தில் வைத்து உடம்பின் பாரத்தையெல்லாம் அதன் மேல் சாய்த்தான். "நாசமாப் போறவளே!" என்று அலறினான். விரல் ஓட்டைக்குள் இறங்கியது, டக்கென்று பட்டன் அமுங்கியது. குட்டி மனிதன் ஒரு சாண் எகிறினான். தப்பான இடத்தில் எகிறிப் பள்ளத்தில் விழுந்தான்.

விமலன் மேசையில் நெற்றியை வைத்து, மூச்சு வாங்க வாங்க அழுதான். பிறகு நிமிர்ந்து மூக்கைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் ஆரம்பித்தான், திட்டையும் சேர்த்து.

புனிதாவின் கால் தானாக வாசலுக்குப் போகப் பார்த்தது. தடுத்து நிறுத்தினாள். உள்ளே போனால் அவன் கையை மறைத்துக்கொள்வான், துண்டை எடுத்துச் சுற்றிக்கொள்வான். திரும்பி கேட்டுக்கு வெளியே வந்து, பட்டை உரிக்கிற வெயிலில் சோற்றுப் பொட்டலத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பக்கத்து வீட்டு குமுதா ஆன்டி துணி காயப்போட வந்தவர், அவளைப் பார்த்து வேலியோரம் வந்துவிட்டார். உள்ளேயிருந்து வருகிற வசவு தெரு முழுக்கக் கேட்டது.

"என்னாம்மா இது? பட்டப்பகல்ல இப்படியா பேசுறது உன்னைய? சண்டையா? நான் வேணா வந்து கேட்கவா?"

"வேணாம் ஆன்டி! போவாதீங்க!" புனிதா வேலிக்கு மேல் கையை நீட்டி அவர் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். கண்ணிலிருந்து கொட்டியது, துடைக்கவில்லை. "திட்டட்டும் ஆன்டி. வாய் வலிக்கிற வரைக்கும் திட்டட்டும். யாரும் உள்ள போவாதீங்க."

ஆன்டிக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் கையை விடுவித்துக்கொள்ளாமல் அவளோடு வெயிலில் நின்றார்.